மலை மிதிவண்டிக்கான சீட் பில்லர்: எடையும் விலையும் மட்டும் போதுமா?

சீட் பில்லர் என்பது மிதிவண்டியின் சீட்டைத் தாங்கி நிற்கும் குழாய். பிரேமில் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் சீட் டியூப் என்னும் குழாய்க்குள் இதன் அடிப்பகுதி இறங்கியிருக்கும். மேல்முனையில் சீட் பூட்டப்படும். ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்பச் சீட்டை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இதைக் கொண்டுதான். சீட் போஸ்ட், சீட் பைப் என்ற பெயர்களும் வழக்கில் உண்டு.

மலை மிதிவண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் முதலில் மாற்ற விரும்பும் உதிரிபாகங்களில் இதுவும் ஒன்று. கியர், பிரேக் போன்றவற்றை மாற்ற மெக்கானிக் வேண்டும். இதற்கு ஒரு திருகைத் தளர்த்தினால் போதும். விற்பனை விவரங்களில் இரண்டு செய்திகள் பெரிய எழுத்தில் நிற்கின்றன: எத்தனை கிராம், எத்தனை ரூபாய். இவை பயனற்ற அளவுகோல்கள் அல்ல. ஆனால் முதலிடத்தில் இருக்க வேண்டிய நீளமும் விட்டமும் விவரப் பட்டியலின் கடைசி வரியில் கிடக்கின்றன. வாங்குபவர் அந்த வரிவரை போவதில்லை என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

ஓடும் வழி

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 11 கி.மீ. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு என இரண்டு ஊருக்கும் மலையை நோக்கிப் போகும் சாலை உண்டு. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, கண்மாய்க் கரை, நடுவே வண்டிப்பாதை என்று மலை மிதிவண்டிக்கு ஏற்ற நிலம் இது.

ஆனால் மலைக்குள் விருப்பம்போல் ஓட்ட முடியாது. அங்குள்ள காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதி இன்றி உள்ளே செல்லலாகாது. எனவே இப்பகுதியில் ஒரு மலை மிதிவண்டி பெரும்பாலும் ஓடுவது தார்ச் சாலையிலும், வேகத்தடையிலும், குழியிலும், தோப்போர மண் பாதையிலும்தான். பள்ளிக்கும் மில்லுக்கும் போய்வருவதும் அதே வண்டிதான். பில்லரைத் தேர்வு செய்யும்போது இந்த ஓட்டத்தைத்தான் கருத வேண்டும்; விளம்பரப் படத்தில் பாறையிலிருந்து பாயும் வீரரை அல்ல.

கிராம் கணக்கு

இந்தியாவில் குறைந்த விலையில் விற்கும் மலை மிதிவண்டிகளில் எஃகு பில்லர்தான் வருகிறது. நேரான குழாய், தலைப்பகுதி சிறுத்து, அதில் சீட்டைப் பிடிக்கும் கிளாம்ப் தனியாக மாட்டப்பட்டிருக்கும். 25.4 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவர்த் தடிப்பும் 300 மி.மீ. நீளமும் உள்ள எஃகுக் குழாயின் எடையைப் பள்ளிக் கணக்காகவே போடலாம். அதன் கன அளவு ஏறத்தாழ 44 கன செ.மீ.; எஃகின் அடர்த்தி 7.85, எடை 346 கிராம். கிளாம்பின் எடை இதில் சேரவில்லை. 27.2 மி.மீ. விட்டமும் அதே சுவர்த் தடிப்பும் 350 மி.மீ. நீளமும் கொண்ட அலுமினியக் குழாய் ஏறத்தாழ 150 கிராம். தலைப்பகுதியும் திருகுகளும் சேர்ந்தால் 250 முதல் 300 கிராம். ஆக, எஃகை எடுத்துவிட்டு நடுத்தர விலை அலுமினியம் போட்டால் 200 கிராம் போல மிச்சமாகும்.

அந்த 200 கிராமால் என்ன கிடைக்கிறது? ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏற, உராய்வைக் கணக்கில் எடுக்காமல், 78,400 ஜூல் ஆற்றல் வேண்டும். 200 கிராமை மட்டும் அந்த உயரத்துக்குத் தூக்க 196 ஜூல். ஒருவர் இடைவிடாமல் 100 வாட் திறனுடன் மிதித்தால் முழு ஏற்றத்துக்கு 13 நிமிடம் ஆகும். எடை குறைத்ததால் மிச்சமாவது 2 விநாடி. பாட்டிலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் குறைத்து ஊற்றினாலும் இதே பலன்தான். செலவும் இல்லை.

போட்டியில் ஓடுபவருக்கு 2 விநாடி பெரிது என்பதில் ஐயமில்லை. 15 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியில் டியூஷனுக்குப் போகும் மாணவருக்கு அப்படி அல்ல. டயரில் காற்றைச் சரியான அளவில் வைப்பதும், சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும் அவருக்கு இதைவிடப் பயன் தரும்.

மூன்றில் இரண்டு

மிதிவண்டி உலகில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஒரு கருத்து உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகரின் பெயரால் வழங்குவது அது. உறுதி, எடைக் குறைவு, விலை மலிவு ஆகிய மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் பெறலாம், மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது என்பது அதன் சாரம். மலிவான லேசான பில்லரைத் தேடுபவரை எச்சரிக்க இது பயன்படுகிறது.

எச்சரிக்கை என்ற அளவில் இது நல்லதே. ஆனால் பில்லரைப் பொறுத்தவரை முழு உண்மை இல்லை. உறுதி என்பது பொருளில் மட்டும் இல்லை, வடிவத்திலும் இருக்கிறது. சுவர்த் தடிப்பு ஒன்றாகவே இருந்தாலும் குழாயின் விட்டம் கூடும்போது வளைவை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 27.2 மி.மீ. குழாயைவிட 31.6 மி.மீ. குழாய் ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பானது. எடை கூடுவதோ ஆறில் ஒரு பங்குதான். எனவே சாதாரண அலுமினிய பில்லர் ஒன்று போதிய விட்டமும் சரியான நீளமும் கொண்டிருந்தால், மூன்று குணங்களையும் அன்றாடத் தேவை அளவுக்குத் தந்துவிடும். மூன்றாவது கைவிட்டுப் போவது, கடைசி 50 கிராமைக் குறைக்கப் புறப்படும்போதுதான்.

விறைப்பு மட்டுமே நன்மை என்றும் நினைக்க வேண்டாம். மெலிந்த பில்லர் சற்று வளைந்து கொடுக்கும். பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் வேகத்தடையின் அதிர்வு முதுகில் சற்றுக் குறைவாக ஏறுவதற்கு அந்த வளைவு உதவுகிறது.

'7075 அலுமினியம்' என்று பொறித்து விற்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பதப்படுத்திய 7075 கலவையின் உறுதி ஏறத்தாழ 500 மெகாபாஸ்கல்; பரவலாகப் பயன்படும் 6061 கலவைக்கு அது 275 அளவில் நிற்கும். உயர்ந்த கலவையில் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைப்பது நேர்மையான வழியே. ஆனால் பொறிப்பை மட்டும் பார்த்துக் கலவையை அறிய முடியாது. தயாரிப்பாளர் பெயரே இல்லாத ஒன்றில் அந்த எண் இருந்தால் அதற்கு மதிப்பு கொடுக்க வேண்டியதில்லை.

நீளம்தான் முதல் கேள்வி

ஒவ்வொரு பில்லரிலும் அடியிலிருந்து சிறிது மேலே ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். குறைந்தது அந்தக் கோடுவரை பிரேமுக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தரத்தின்படி, அந்தக் கோடு அடிமுனையிலிருந்து பில்லர் விட்டத்தின் இரு மடங்குக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் 10 செ.மீ. உள்ளே இருப்பதும், பில்லரின் அடிமுனை பிரேமின் மேற்குழாய் இணையும் இடத்துக்குக் கீழே செல்வதும் பாதுகாப்பானது.

ஓட்டுபவரின் கவட்டு உயரத்தை, அதாவது தரையிலிருந்து தொடைச் சந்துவரை உள்ள அளவை, 0.883ஆல் பெருக்கினால் மிதி அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். கவட்டு உயரம் 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. பிரேமின் சீட் டியூப் 43 செ.மீ. என்றும் சீட்டின் தடிப்பு 5 செ.மீ. என்றும் கொண்டால், வெளியே தெரிய வேண்டிய பில்லர் 22.6 செ.மீ. உள்ளே 10 செ.மீ. சேர்த்தால் 32.6 செ.மீ. வண்டியோடு வந்த 300 மி.மீ. பில்லர் இவருக்குப் போதாது. 350 வேண்டும். கவட்டு உயரம் 86 செ.மீ. உள்ள நெடிய மாணவருக்கு இதே பிரேமில் 38 செ.மீ. வரை வேண்டியிருக்கும், அவர் 400 வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் என்ன நடக்கிறது? வளர்ந்த பையன் சீட்டை ஏற்றிக்கொண்டே போகிறான். கோடு வெளியே வந்துவிடுகிறது. ஆறேழு செ.மீ. மட்டும் உள்ளே இருக்கும் பில்லர், உடலின் எடையை ஒரு நெம்புகோலாக்கி சீட் டியூபின் வாயில் செலுத்துகிறது. ஒவ்வொரு குழியிலும் அந்த இடம் சிறிது விரிகிறது. ஒருநாள் பில்லர் வளையும், அல்லது பிரேமின் பற்றவைப்பு பிளக்கும். அப்போது ஓட்டுபவர் பின்னால் போகும் பேருந்தின் முன் விழுகிறாரா, மண்ணில் விழுகிறாரா என்பது அவர் கையில் இல்லை. பில்லர் போனால் சில நூறு ரூபாய்; பிரேம் போனால் வண்டியே போயிற்று.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. கோட்டுக்குப் பயந்தோ, கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்றோ சீட்டை மிகத் தாழ்த்தி ஓட்டுபவர்கள் ஏராளம். முழங்கால் அதிகம் மடங்கிய நிலையிலேயே மிதிப்பதால் முட்டியின் முன்பக்கம் வலி எடுக்கும். குதிகாலை மிதியில் வைத்துக் கீழே இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி சிறிதே மடங்கியிருக்கும். அளவு நாடா இல்லாதவருக்கு இந்தச் சோதனை போதும்.

தமிழ்நாட்டில் இது மலை மிதிவண்டிக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, 2005-06 முதல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில், மாணவருக்கு ஒரு வடிவம், மாணவியருக்கு ஒரு வடிவம் என்றே வண்டிகள் வருகின்றன. ஆனால் 11ஆம் வகுப்பில் நாலே முக்கால் அடிப் பிள்ளையும் ஆறடிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வேறுபாடு முழுவதையும் ஒற்றை பில்லர் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

50 மி.மீ. நீளம் கூடுவதால் அலுமினிய பில்லரில் கூடும் எடை ஏறத்தாழ 21 கிராம். எடை குறைவு என்பதற்காக 400க்குப் பதில் 350 வாங்கும் நெடியவர், இந்த 21 கிராமுக்காகத்தான் தம் பிரேமைப் பணயம் வைக்கிறார்.

விட்டம்

25.4, 27.2, 28.6, 30.9, 31.6, 34.9 மி.மீ. எனப் பல விட்டங்கள் உலகச் சந்தையில் உள்ளன. 30.9க்கும் 31.6க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வரும் வெர்னியர் அளவிக்கு வாழ்க்கையில் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை. அதன் மீச்சிற்றளவான 0.1 மி.மீ. இங்கே உண்மையிலேயே தேவைப்படுகிறது. பழைய பில்லரைக் கழற்றி அளந்து பார்ப்பது ஒரு வழி. பெரும்பாலும் அடிப்பகுதியில் எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும்.

பில்லர் சற்றே மெலிந்திருந்தால் தகரத் துண்டைச் சுற்றி இறுக்கிவிடும் பழக்கம் இருக்கிறது. அது நிலைக்காது, தகரம் நழுவும், பில்லர் ஒரு பக்கமாகத் தேயும். முறையான தீர்வு ஷிம் எனப்படும் உறை. பஞ்சாலைகளை நம்பி வளர்ந்த லேத் பட்டறைகள் உள்ள ராஜபாளையத்தில் 31.6 வாய்க்கும் 27.2 பில்லருக்கும் இடையே பொருந்தும் அலுமினிய உறையைக் கடைந்து வாங்குவது கடினமல்ல. குறைந்தது 8 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். மேலே ஒரு விளிம்பு இருந்தால் உள்ளே நழுவாது.

அதே லேத்தில் தடித்த பில்லரைச் சீவி மெலிதாக்கும் யோசனையும் எழும். அதைச் செய்யக் கூடாது. 31.6ஐ 30.9 ஆக்க, சுற்றிலும் 0.35 மி.மீ. போக வேண்டும். 2 மி.மீ. சுவரில் அது ஆறில் ஒரு பங்குக்கு மேல். லேசான பில்லர் என்றால் சுவர் அதைவிட மெலிதாகவே இருக்கும். கடைசல் கத்தி விட்ட நுண்கோடுகள் ஒவ்வொன்றும் வெடிப்பு தொடங்கும் இடமாகும்.

கார்பன்

குறைந்த விலைக்குக் கார்பன் பில்லர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நல்ல கார்பன் பில்லர் லேசானது, உறுதியானது, அதிர்வையும் தணிப்பது. விலை மலிவானது அல்ல. மலிவாக வருவதன் உள்ளே எத்தனை அடுக்கு நூல் இருக்கிறது என்பதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். சரியானதை வாங்கினாலும், தயாரிப்பாளர் சொன்ன நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் இறுக்க டார்க் ஸ்பேனர் வேண்டும். கிரீசுக்குப் பதில் அதற்கென்று உள்ள பசை வேண்டும். கை பலத்தை நம்பி இறுக்கும் இடங்களில் கார்பன் குழாய் நசுங்கும். அலுமினியம் வளைந்து எச்சரிக்கை தரக்கூடும். கார்பன் பல நேரம் அப்படித் தராது. இந்த வட்டாரத்தின் அன்றாட ஓட்டத்துக்கு இது தேவையற்றது.

கனத்தைக் காசு கொடுத்து வாங்குவோர்

எடைக் குறைவே மேன்மை என்ற எண்ணத்துக்கு வலுவான மறுப்பு மலை மிதிவண்டியின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. இவ்விளையாட்டு உருவானது 1970களில், கலிபோர்னியாவின் மாரின் கவுன்டி மலைச்சரிவுகளில். பழைய கனத்த வண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டுபோய், 1976 முதல் 'ரீபேக்' என்ற சரிவுப் பாதையில் இளைஞர்கள் போட்டியிட்டார்கள். இறங்கும்போது ஹப் பிரேக்கின் சூட்டில் கிரீஸ் உருகிப் புகைந்துவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயர்.

செங்குத்தாக இறங்கும்போது சீட் தாழ்ந்திருந்தால்தான் உடலைப் பின்னுக்குத் தள்ளிச் சமநிலை காக்க முடியும். ஏறும்போது உயர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இறங்கி நின்று மாற்றுவது தொல்லை. 1984இல் அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சல் இருவரும் 'ஹைட் ரைட்' என்ற ஸ்பிரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே லீவரைத் தளர்த்தினால் சீட் தாழும், எழுந்தால் ஸ்பிரிங் தூக்கிவிடும். பின்னாளில் கைப்பிடியில் பொத்தானை அழுத்தியே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் வந்தது. அது சாதாரண பில்லரைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் எடையுள்ளது, விலையும் அதிகம். ஆனாலும் மலை மிதிவண்டி ஓட்டுபவர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள்.

சாலைப் பந்தயக்காரர்கள் கிராமுக்குக் கிராம் எடை குறைப்பவர்கள். அவர்களிடையேயும் ஒரு சான்று உண்டு. 2022 மார்ச் 19இல் நடந்த மிலான் – சான் ரெமோ பந்தயத்தில் ஸ்லோவேனிய வீரர் மத்தேய் மொஹோரிச் தம் வண்டியில் டிராப்பர் போஸ்ட் பொருத்தியிருந்தார். போஜ்ஜோ குன்றிலிருந்து இறங்கும் வளைவுகளில் சீட்டைத் தாழ்த்தி மற்றவர்களை முந்திச் சென்று வென்றார்.

இதைப் படித்துவிட்டு அய்யனார் கோயில் சாலைக்கு டிராப்பர் வாங்க வேண்டியதில்லை. ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திறந்து மூடும் குவிக் ரிலீஸ் லீவர் போதும். அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியை ஓட்டும் வீட்டில் அதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை.

பூட்டிய பிறகு

எஃகு பிரேமுக்குள் அலுமினிய பில்லரை உலர்வாகச் செருகினால், மழைநீரும் வியர்வையும் இறங்கி மின்வேதி அரிமானம் உண்டாகும். ஓராண்டில் இரண்டும் ஒன்றோடொன்று இறுகி, பிறகு சுத்தியலால் அடித்தாலும் அசையாது. மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட வேண்டும். எடுக்கும் முன் உயரத்தைக் குறிக்க ஓர் இன்சுலேஷன் டேப் சுற்று போதும். நீளம் மிகுதியாக இருந்து அறுக்க நேர்ந்தால் அடியில்தான் அறுக்க வேண்டும். அறுத்த அளவுக்குக் கோடும் மேலே ஏற வேண்டும் என்பதால், புதிய எல்லையை அழியாத மையால் குறித்துக்கொள்ள வேண்டும்.

எஃகு, ஓர் எல்லைக்குட்பட்ட சுமையை எத்தனை முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. சிறு அதிர்வுகளும் அதில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே வெளியே எடுக்கும்போதெல்லாம் கிளாம்புக்குக் கீழும், பிரேமின் வாய் படும் இடத்திலும் விரலால் தடவி மயிர்க்கோடு போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புதிதாகக் கிறீச்சிடும் ஒலி கேட்டாலும் கழற்றிப் பார்க்க வேண்டும். வெடிப்பு கண்ட பில்லரைப் பற்றவைத்துப் பயன்படுத்தலாகாது. பழைய இரும்புக் கடையில் போடும் முன் அதை ஆக்ஸா பிளேடால் இரண்டாக அறுத்துவிடுவது நல்லது. முழுதாகப் போனால் யாராவது எடுத்து இன்னொரு வண்டியில் பூட்டிவிடுவார்கள்.